சாயாக்கடைப் பற்று நோட்டுக்கு நன்றி

குமரி மலையில் காட்டுத்தீயின் புகை அடங்கிவிட்டது. நடந்ததை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குலசேகரத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்களுக்கும் தெரியும். கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, பேச்சிப்பாறை அணைக்கு மேலே பஸ் திரும்புகிற இடத்தில் சாயாக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு. தழையெடுத்துத் தீயை அடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் வராது. அவர் கொடுத்தது ஒரு நோட்டு, அதுவும் புது நோட்டு இல்லை. கடையின் பற்று நோட்டையே திருப்பிப் பின்பக்கமிருந்து தொடங்கி, பேனாவை நூலில் கட்டி, ஆணியில் தொங்கவிட்டார். முன்பக்கம் ரப்பர் பால்வெட்டுக்காரர்களின் சாயா, வடைக் கணக்கு, பின்பக்கம் தீ.

அது எவ்வளவு பெரிய உதவி என்று காட்டுத்தீயோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும். அணையைத் தாண்டினால் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். காலை பதினொன்றுக்குப் போட்ட வாட்ஸ்அப் சேதி மாலை நாலுக்கு வந்து விழும். அதை இன்னொருவர் ஃபார்வர்டு செய்தால் புதுத் தீ போலத் தெரியும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் எச்சரிக்கை உபயோகமானதுதான். ஆனால் செயற்கைக்கோளில் இருந்து தீயின் சூட்டைப் பார்க்கும் விர்ஸ் (VIIRS) கருவி நம் தலைக்கு மேலே வருவது பிற்பகல் ஒன்றரையை ஒட்டியும் இரவு ஒன்றரையை ஒட்டியும். அதில் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம். மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் இந்த மலையில் அது பக்கத்துப் பள்ளமாகவும் இருக்கலாம். காலையில் பிடித்த தீயை முதலில் சொல்லப்போவது பெரும்பாலும் மனுஷன்தான்.

மனுஷன் சொல்வதிலும் சிக்கல் உண்டு. ஒரே ஓடைக்கு வனத்துறை வரைபடத்தில் ஒரு பேர், ரப்பர் தோட்டத்தில் கூப்பு எண் (தோட்டப் பிரிவின் எண்), காணிப் பழங்குடியினரின் குடியிருப்பில் வேறொரு பேர். மூன்றும் ஒன்று என்று தெரியாமல் ஆள் பிரிந்து போனால் ஒரு முனையில் கூட்டம் கூடும், மறுமுனை காலியாகக் கிடக்கும். அதைவிட மோசம் எதிர்த்தீ, அதாவது வருகிற தீயை நிறுத்த நாமே எதிரே வைக்கும் தீ. கீழே நிற்பவர்களுக்குச் சொல்லாமல் வைத்தால் இரண்டு தீக்கும் நடுவில் ஆள் மாட்டிக்கொள்ளும்.

அக்காவின் நோட்டில் ஒரு வரிக்கு ஐந்தே விஷயம்: பார்த்த நேரம், இடம் மூன்று பேரிலும், காற்று எந்தப் பக்கமிருந்து, போனவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை. கடைசிக் கட்டம் நிரம்பாமல் அவர் கடையைப் பூட்டவில்லை. யார் வந்து சாயா கேட்டாலும் கிளாஸை நீட்டுமுன் “எழுதியாச்சா மக்ளே?” என்று ஒரு கேள்வி. எழுதத் தெரியாதவர் சொன்னால் தானே எழுதி, உரக்க வாசித்துக் காட்டி, “செரிதானா?” என்று கேட்டுக்கொள்வார். வாசித்துக் காட்டுகிற இந்தப் பழக்கம் பயிற்சி முகாம்களில்கூட விட்டுப்போவது.

காணிக்காரர்களிடம் மூட்டுக்காணி, விளிக்காணி, பிலாத்தி என்று பொறுப்புகள் உண்டு. சேதி சொல்லி ஊரைக் கூட்டுவது விளிக்காணியின் வேலை. எத்தனையோ துறை சேர்கிற இடத்தில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆளைப் போடாமல் விட்டிருந்தோம். அக்கா தானாக அதை எடுத்துச் செய்தார்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. தீ தாண்டிய இடங்கள் பெரும்பாலும் தோட்டத்தை ஒட்டியவை. தீ தாண்டாமல் இருக்கப் புல் புதரை வெட்டி வெறுமையாக்கும் பட்டை, அதாவது தீத்தடுப்புக் கோடு, மார்கழியிலேயே சீவி முடித்தாயிற்று. ரப்பர் இலை கொட்டுவதோ தையிலும் மாசியிலும். சீவின கோடு மறுபடியும் சருகால் மூடிப்போனது. காட்டுப் பக்கத்தார் ‘வேலை முடிந்தது’ என்றிருந்தார்கள், தோட்டத்தார் ‘அது நம் வேலையில்லை’ என்றிருந்தார்கள். இனி மார்கழியில் புல்லும் புதரும் வெட்டுவது வனக்குழு, மாசியில் இலை வாருவது தோட்டம். வாரிய சருகைக் கோட்டின் ஓரத்திலேயே குவிக்கக் கூடாது, அது தீக்கு ஏணி. வேலை முடிந்ததும் இரு தரப்பும் சேர்ந்து ஒருமுறை கோட்டை நடந்து பார்த்து, அன்றைக்கே நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்ட தோட்டத்து மேஸ்திரிமாருக்கும் நன்றி.

தீக்காவலர்கள், தீயணைப்பு நிலையத்து ஆட்கள், வழி காட்டிய காணி மூப்பர்கள், சோற்றுப் பொதியைச் சீட்டில்லாமல் ஏற்றிவந்த பஸ் கண்டக்டர், அணைந்த அடிமரக் கட்டைகளுக்கு மேலே புறங்கையைப் பிடித்துச் சூடு பார்த்தபடி இரண்டு ராத்திரி காவல் கிடந்த பையன்மார், எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. உள்ளே கனன்ற மூன்று கட்டைகளைக் கண்டுபிடித்தது அந்தப் பையன்மார்தான்.

வருகிற மார்கழிக்குள் இதே மாதிரி நாலு நோட்டு நாலு கடையில் தொங்கும். ஒவ்வொரு இடத்தின் மூன்று பெயர்களையும் சேர்த்து எழுதிய இடப்பெயர்ப் பட்டியல் ஒவ்வொன்றின் அட்டையிலும் ஒட்டியிருக்கும்.

பழைய நோட்டை வாங்கிப் பத்திரமாக வைக்கலாம் என்று கேட்டோம். அக்கா தரவில்லை, முன்பக்கத்துப் பாக்கி வசூலாக வேண்டுமே. போட்டோ எடுத்துக்கொண்டோம். எடுக்கும்போது பார்த்தால் எங்கள் குழுவின் பேரிலும் 43 சாயா நிற்கிறது. வியாழக்கிழமை வந்து தீர்க்கிறோம், அக்கா.