சொன்னது ஒன்றரை மணி நேரம், காட்டியது நாற்பது நிமிடம்: எழும்பூர் அருங்காட்சியகப் பயணம் குறித்த புகார்

அனுப்புநர்
மே மாதப் பயணத்துக்கு எங்கள் தெருக் குழந்தைகளைப் பதிவு செய்த தாய்,
அம்மாப்பேட்டை, சேலம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
தங்கள் சுற்றுலா நிறுவனத்தின் சேலம் கிளை.

பொருள்: குழந்தைகளுக்கான கலைச் சுற்று நோட்டீஸில் சொன்னபடி நடக்காதது, கட்டணத்தில் பாதியைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

வணக்கம்.

கோடை விடுமுறையில் எங்கள் தெருவிலிருந்து பதினோரு குழந்தைகளைத் தங்கள் நிறுவனம் நடத்திய சென்னைக் கலைச் சுற்றுக்கு அனுப்பினோம். தலைக்கு 2,400 ரூபாய். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டோம். உடன் வர அனுமதித்த இரண்டு பெற்றோரில் நானும் ஒருத்தி. ஆகவே இங்கே எழுதியிருப்பதில் யாரோ சொல்லக் கேட்டது எதுவும் இல்லை.

தங்கள் நோட்டீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறீர்கள். 12 குழந்தைகளுக்கு ஒரு வழிகாட்டி, ஐந்தே ஐந்து கலைப்பொருட்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து பார்த்து, கேள்வி கேட்டு, வரைந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது என்றும் இருக்கிறது. வரைவதற்கு நோட்டும் பென்சிலும் நீங்களே தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

நடந்தது வேறு. ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே சென்ட்ரலில் இறக்கிவிட்டது. குளித்து உடை மாற்ற அறை என்றீர்கள், அறை இல்லை. குழந்தைகள் பயணிகள் கூடத்தில் பைகளின் மேல் சாய்ந்து தூங்கினார்கள். எட்டு மணிக்கு வர வேண்டிய பேருந்து, வேறோர் ஊர்க் குழுவையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். அருங்காட்சியகம் ஒன்பதரைக்கே திறந்துவிடும். நாங்கள் உள்ளே நுழைந்தது பதினோரு மணிக்கு, வெளியே வந்தது பதினொன்று நாற்பதுக்கு. மொத்தம் 41 குழந்தைகள், ஒரே ஒரு வழிகாட்டி. நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. அங்கிருந்து நேராக அட்டவணையிலேயே இல்லாத ஒரு மாலுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்தது மூன்று மணி நேரம்.

அறை, பேருந்து, காலை உணவுக்குப் பதில் கிடைத்த பிஸ்கட் பாக்கெட் இதையெல்லாம் பயணத்தில் சகஜம் என்று விட்டுவிடலாம். நான் எழுதுவது அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றி.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. ஒரே வளாகத்தில் பல கட்டடங்கள். கல் சிற்பம், ஆந்திராவின் அமராவதி புத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பம், செப்புத் திருமேனிகள், நாணயம், பழங்காலக் கருவிகள், விலங்கியல், ஓவியம் என்று பரந்து கிடக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாள் போதாது. எட்டு வயதுக் குழந்தைக்கு எல்லாவற்றையும் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. "குறைவாகப் பார்ப்போம், நிறுத்திப் பார்ப்போம்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பணம் கட்டினோம். சின்னச் சுற்று என்றால் பார்க்கும் பொருட்களைக் குறைக்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் நேரத்தைக் குறைத்து, பொருட்களின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டீர்கள். ஐந்து என்று எழுதிவிட்டு, ஒவ்வொரு கூடத்திலும் ஒரு வாசல் வழியாக நுழைத்து மறு வாசல் வழியாக வெளியே தள்ளினீர்கள். திருப்பதி வரிசையில்கூட "ஜருகண்டி" சொல்வதற்குள் ஒரு முறை பெருமாளைப் பார்த்துவிடலாம்.

செப்புத் திருமேனிகள் கூடத்தில் நடந்த ஒன்றை விவரமாகச் சொல்ல வேண்டும். என் அக்கா மகனுக்குப் பத்து வயது. அவன் அப்பாவுக்குச் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மூசையில் வெள்ளி உருகுவதையும், உருகியதை ஊற்றுவதையும் பக்கத்தில் நின்று பார்த்தே வளர்ந்தவன். முதல் சிலையைப் பார்த்ததும் அவனுக்கு வந்த கேள்வி இதுதான்: "அண்ணா, இது உள்ள கெட்டியா, காலியா?" வழிகாட்டி திரும்பிப் பார்த்தார். "தம்பி, லைன்ல போ" என்றார். பையன் இன்னொரு சிலை வரைக்கும் போய் அதே கேள்வியை மறுபடி கேட்டான். இரண்டாவது முறை பதிலே இல்லை.

ஐயா, அந்தக் கூடத்தில் ஒரு குழந்தை கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அது. நம் சோழர் காலத்துத் திருமேனிகள் உள்ளே கெட்டியானவை, கன வார்ப்பு. முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்கிறார்கள். அதன் மேல் ஆற்று வண்டல் மண்ணைப் படலம் படலமாகப் பூசி, காயவைத்து, சூடு காட்டுகிறார்கள். மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? சொல்லியிருந்தால் அந்தக் கூடத்தில் நின்ற 41 குழந்தைகளில் ஒருவனாவது, தன் அப்பா செய்யும் வேலைக்கும் ஆயிரம் வருடத்துக்கு முன் அந்தச் சிலையை வார்த்தவரின் வேலைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டு ஊர் திரும்பியிருப்பான். சேலத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நிறுவனத்துக்கு, சேலத்துப் பிள்ளைகள் எந்தெந்த வீடுகளிலிருந்து வருகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடு தறி, மீதியில் பட்டறை. கையால் செய்த பொருளைப் பார்த்தால் "எப்படிச் செஞ்சாங்க" என்று கேட்காத பிள்ளை இங்கே கிடையாது.

அதே கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார். அவர் முன் குழந்தைகளை உட்காரவைத்து, "கைகளை எண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மூன்று கை. சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. ஏன் இந்தப் பக்கம் மட்டும் இரண்டு, இடுப்பு ஏன் ஒரு பக்கம் வளைகிறது, இரண்டு பக்கமும் எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களே தேடத் தொடங்கியிருப்பார்கள். வழிகாட்டி "அர்த்தநாரி, சோழர் காலம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எங்கள் குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னாலும் அதே கதை. கோயிலில் நடராஜரைத் திருவாசியோடு பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, சுற்றிலும் நெருப்பு வளையம் இல்லாமல் நிற்கும் அந்த உருவம் உடனே வித்தியாசமாகத் தெரிந்துவிட்டது. இரண்டு சிறுமிகள் ஒற்றைக் காலைத் தூக்கி அவரைப் போலவே நின்று பார்த்தார்கள். உடம்பைச் சமன் செய்ய எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சிலையைப் போல நின்று பார்ப்பது தங்கள் நோட்டீஸிலேயே இருக்கிறது, படத்தோடு. அதைச் செய்த குழந்தைகளுக்குக் கிடைத்தது "விளையாடாதீங்க" என்ற அதட்டல். பிரெஞ்சுச் சிற்பி ஒகுஸ்த் ரோதான் இந்த நடராஜரைப் புகைப்படங்களில் மட்டுமே பார்த்து எழுதிய கட்டுரை 1921-ல் அச்சானது. படத்தைப் பார்த்தே அவ்வளவு நேரம் யோசிக்க இடம் கொடுக்கும் சிலை. நேரில் போன எங்கள் பிள்ளைகளுக்கு அதன் முன் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை.

அமராவதிக் கூடத்தை இன்னும் வேகமாகக் கடந்தோம். அங்கே வட்டமான ஒரு சுண்ணாம்புக்கல் சிற்பம். நளகிரி என்ற மதம் பிடித்த யானையைப் புத்தர் அடக்கிய கதை. ஒரே வட்டத்துக்குள் அதே யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் தெருவில் ஆட்களைத் துரத்துகிறது, மறுபக்கம் புத்தர் முன் மண்டியிடுகிறது. மேலே மாடங்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூட இந்தக் கதையைக் கல்லிலேயே படித்துவிடும். எங்களோடு வந்த ஒரு குட்டி அதன் முன் நின்றே விட்டாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, பேருந்துக்காரர் ஹாரன் அடிக்கிறார் என்று. இழுத்தது தங்கள் உதவியாளர்.

வழிகாட்டியாக வந்த இளைஞர் மீது எனக்குத் தனிப்பட்ட வருத்தம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். முந்தின நாள் இரவுதான் தன்னை வரச் சொன்னார்கள் என்று அவரே சொன்னார். நாற்பத்தொரு குழந்தைகளை எண்ணிக்கொண்டே இருப்பதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. யாரும் தொலைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் ஒருவர் எதைத்தான் விளக்குவார்? அவரை அந்த இடத்தில் தனியாக நிறுத்தியது நீங்கள். அருங்காட்சியகத்தின் மீதும் குறை எதுவும் இல்லை. அங்கே உள்ளவர்கள் எங்கள் குழந்தைகளைத் தரையில் உட்கார வேண்டாம் என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. உட்கார விடாதது தங்கள் அவசரம்தான்.

ஊர் திரும்பியதும் தங்கள் கிளைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்ன பதில்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "பசங்களுக்கு மியூசியம்லாம் போர் அடிக்கும் மேடம், மால்லதான் ஜாலியா இருந்தாங்க, எல்லாரும் சந்தோஷமாத்தானே வந்தாங்க" என்றார். குழந்தைகளை மூன்று மணி நேரம் விளையாட்டு இயந்திரங்கள் நடுவில் விட்டால் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். சேலத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, அதற்காக இரவெல்லாம் ரயிலில் போக வேண்டியதில்லை. குழந்தைகளுக்குப் போரடித்தது என்று நீங்கள் முடிவுகட்டும் முன், அவர்களுக்கு எதையாவது பார்க்கக் கொடுத்தீர்களா? கேள்வி கேட்ட பையனும், கால் தூக்கி நின்ற சிறுமிகளும், யானை முன் நின்ற குட்டியும் போரடித்துப் போனவர்களா? குழந்தைகளுக்கு இவ்வளவு போதும் என்று நினைப்பவர்கள் குழந்தைகளுக்கான சுற்று நடத்தக் கூடாது.

நாங்கள் கேட்பது இது. பதினோரு குழந்தைகளுக்குக் கட்டிய 26,400 ரூபாயில் பாதி, அதாவது 13,200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ரயில், சாப்பாடு, பேருந்துச் செலவு உங்களுக்கு ஆகியிருக்கிறது, அதனால் முழுத் தொகையைக் கேட்கவில்லை. அப்புறம், அந்த நோட்டீஸை இப்போதுள்ளபடி இனி விநியோகிக்காதீர்கள். 12 பேருக்கு ஒருவர் என்றால் அத்தனை வழிகாட்டிகளையும் பயணத்துக்கு முன்பே ஏற்பாடு செய்து, அவர்கள் பெயர்களைப் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். முடியாது என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். மாலுக்குப் போவது திட்டத்தில் உண்டு என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். வேண்டும் என்பவர்கள் வரட்டும், வேண்டாதவர்கள் முன்பே விலகிக்கொள்ளட்டும். எந்த ஐந்து பொருட்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. நாங்கள் வீட்டிலேயே கதையைச் சொல்லி அனுப்புவோம், வழிகாட்டிக்கும் பாதி வேலை குறையும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். ரசீதின் பின்பக்கம் எல்லா வழக்கும் சென்னை எல்லைக்கு உட்பட்டது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஆகவே பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் என்ற இரண்டின் பேரிலும் மனு கொடுப்போம். எங்கள் தெருப் பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பதினோரு குழந்தைகளின் பெற்றோர் சார்பில்,
பதிவு செய்த தாய்.

இணைப்பு: கட்டண ரசீதுகளின் நகல், தங்கள் நோட்டீஸின் நகல், உள்ளே நுழைந்தபோதும் வெளியே வந்தபோதும் செல்போனில் எடுத்த, நேரம் பதிவான படங்கள், பெற்றோர் கையெழுத்துப் பட்டியல்.