பங்குனி உத்திரத் திருக்கல்யாண உபயக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உபயதாரர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆடிப்பூரம், நவராத்திரி, ஆருத்ரா தரிசனம் மூன்றும் குறைவின்றி நடந்தேறின.

திருக்கல்யாணம் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் பத்தாம் நாள் திருக்கல்யாணமும் இதை ஒட்டியே வருவதால், மயிலாப்பூரில் அந்த வாரம் நாகஸ்வரமும் பூவும் கிடைப்பது பெரும்பாடு. தை மாதமே முன்பணம் கொடுத்து வைத்தோம்.

இந்த ஆண்டு பாலிகையை (கல்யாணச் சடங்குக்காகத் தானியம் முளைக்க வைக்கும் மண்கிண்ணம்) வெளியில் வாங்காமல் நாமே விதை தெளித்தோம். முன்பெல்லாம் பாதி முளைக்காமல் போனதற்கு விதைதான் காரணம். பொட்டலமாக வரும் நவதானியம் பழசாக இருக்கும். உடைத்த பருப்பு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முளைக்காது. நெல், முழு உளுந்து, பாசிப்பயறு, எள், கடுகு ஐந்தையும் தனித்தனியே புதிதாக வாங்கினோம். நெல்லுக்கு ஊறல் கூடுதலாக வேண்டும்; உளுந்துக்கும் பயறுக்கும் ஓர் இரவு போதும். கடுகை ஊறப்போட்டால் கொழகொழத்துவிடும். பாலிகையின் அடியில் அருகம்புல், அதன்மேல் புற்றுமண். பயிருக்கு அதிபதி சந்திரன் என்பதால் அங்குரார்ப்பணம் எனும் இந்த விதை தெளிக்கும் சடங்கு இரவில்தான். தெளிக்கும் நீரில் பால் பெயருக்குத்தான் இருக்க வேண்டும். கூடினால் பங்குனி வெயிலில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சம் படாமல் மூடி வைத்ததில், ஏழாம் நாள் பயிர் பொன்னிறமாக நின்றது.

காப்புக் கட்டு, மாலை மாற்றல், ஊஞ்சல், கன்னிகாதானம் எல்லாம் முறைப்படி நடந்தன. அம்பாளுக்குப் பின்புறம் வளைவாக நிற்கும் திருவாசியைப் பொருத்திவிட்டால் குருக்களின் கை பின்னால் நுழையாது, முடிச்சு போடுவதற்குள் முகூர்த்தம் நழுவும். எனவே மாங்கல்ய தாரணம் ஆன பிறகே திருவாசியைப் பொருத்தச் செய்தோம்.

புறப்பாடுதான் மனவருத்தம். தெருவில் தாழத் தொங்கும் கேபிள் ஒயர் குடையில் மாட்டும். கவைக்கம்போடு முன்னால் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர்தான் வந்தார். சீர்பாதம் தாங்க, அதாவது சுவாமியைத் தோளில் சுமக்க, பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தோள் கொடுத்திராவிட்டால் சுவாமி தெருமுனையிலேயே நின்றிருப்பார். மாங்கல்ய தாரணத்துக்கும் விருந்துக்கும் திரளும் நம் உறுப்பினர்கள், பாலிகை தெளிக்கும் இரவிலும் பல்லக்கு கிளம்பும் நேரத்திலும் எங்கே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. சந்தா நிலுவையும் கிட்டத்தட்ட அதே பெயர்களில்தான் நிற்கிறது.

வரவு செலவு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் உள்ளது. செலவு சற்றே கூடியது. நிர்வாகக் குழுவினர் சரிக்கட்டினர். குருக்கள், மடைப்பள்ளியார், பூக்கட்டியவர்கள், காவல் துறையினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டு வீட்டுக்கு ஒரு பாலிகை என்று எண்ணியிருக்கிறோம். ஆள் இல்லையென்றால் பழையபடி வெளியில்தான் வாங்க வேண்டிவரும். குடைக்குப் புதுத் துணியும் வேண்டும். அதற்கு உபயதாரர் இன்னும் அமையவில்லை. விருப்பமுள்ளோர் சாயரட்சை எனும் மாலைப் பூஜைக்குப் பின் கோயில் அலுவலகத்தில் பெயர் தரலாம். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே செலுத்தி ரசீது பெறலாம்.

செயலாளர்