கீழ்த்தளச் சேகரிப்புகளுக்குப் பாதுகாப்பு மதிப்பாய்வு கோரி நான்காவது மனு

அனுப்புநர்: நூலகத்தின் நெடுநாள் வாசகர், நூல் கட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

பெறுநர்: உயர்திரு இயக்குநர் அவர்கள், நூலகம், ஆவணக் காப்பகம் மற்றும் அருங்காட்சியகம்

பொருள்: சேகரிப்புகளின் பாதுகாப்புத் தேவைகளை மதிப்பாய்வு செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்த்தள அறையைத் தங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. படி இறங்கி இடப்புறம் திரும்பினால் வடக்குச் சுவரை ஒட்டி இரும்பு அடுக்குகள்; அவற்றின் தலைக்கு மேலே கழிவுநீர்க் குழாய். பொறுப்பேற்ற புதிதில் தாங்களே அங்கு வந்து பார்த்தீர்கள். முந்தைய மூன்று மனுக்களுக்கும் அலுவலக முத்திரை கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. எனவே மீண்டும் பணிவுடன் எழுதுகிறேன்.

1. எல்லாவற்றையும் உடனே பழுதுபார்க்கும்படி நான் கேட்கவில்லை. எது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கக் கேட்கிறேன். ஒவ்வொரு நூலையும் புரட்ட வேண்டியதில்லை. குலுக்கல் முறையில் ஏறத்தாழ 400 உருப்படிகளை எடுத்துத் தாள், கட்டு, பூஞ்சை, பூச்சி அரிப்பு, பெட்டி ஆகியவற்றைக் குறித்தால், முழுச் சேகரிப்பின் நிலையை 5 சதவீதம் முன்பின்னாகச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் நூலகத்தின் மதிப்பாய்வு முறையும் 400 உருப்படிகளையே மாதிரியாகக் கொள்கிறது.

2. அறையில் ஈரப்பத அளவி இல்லை. ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஓர் ஆண்டு முழுவதும் தினமும் குறித்தால்தான் உண்மை தெரியும்.

3. அந்த வடக்குச் சுவரின் கீழ் அடுக்கு. கட்டிய செய்தித்தாள் தொகுதிகள் அங்கேதான் இருக்கின்றன. மரக்கூழில் செய்த தாள். அதிலுள்ள அமிலமே அதைத் தின்கிறது. மூலையை ஒருமுறை மடித்து நிமிர்த்தினால் கையோடு வந்துவிடும். அண்மையில் ஒரு வாசகர் கேட்ட தொகுதியை ஊழியர் இரு கைகளாலும்தான் தூக்கினார். முதுகுப் பட்டை அவர் கையில் வந்தது, தாள்கள் அடுக்கிலேயே நின்றுவிட்டன. அடுத்த தொகுதியில் நாற்பது ஐம்பது பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் இறுகிக் கிடந்தன. விளிம்பில் சாம்பல் பச்சையாகப் பூஞ்சை. அதை ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள், ஐயா! ஈரம் பட்டால் பூஞ்சை பரவுமே தவிர ஒழியாது. சுவருக்கு வெள்ளையடித்தபோதாவது அடுக்கை நகர்த்தியிருக்கலாம். நகர்த்தவில்லை. சுண்ணாம்புத் துளிகள் இன்றும் நூல்களின் முதுகில் இருக்கின்றன, சுவரில் ஈரமும் திரும்ப வந்துவிட்டது.

4. மேல்தளக் காப்பக அலமாரியைத் திறந்தால் புளித்த நெடி மூக்கைத் துளைக்கிறது. அசிட்டேட் ஃபிலிம் சிதையும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலத்தின் வாடை அது. தொடங்கிய சிதைவை நிறுத்த முடியாது, குளிரில் வைத்து வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். நீலத்திலிருந்து பச்சையாகி மஞ்சளாகும் சோதனைத் தாளைப் பெட்டிக்குள் வைத்தால் எந்தச் சுருள் முந்திப் போகிறது என்பது தெரிந்துவிடும். அதைக்கூட யாரும் வைக்கவில்லை.

5. அருங்காட்சியகத் துணிகள் மீது ஜன்னல் வெயில் விழுகிறது. மங்கிய சாயம் திரும்பாது.

6. மறுபடியும் அந்தக் கீழ் அடுக்குக்கே வருகிறேன், மன்னிக்கவும். 1966 நவம்பர் வெள்ளத்தில் ஃபிளாரன்ஸ் தேசிய நூலகத்தின் கீழ்த்தளங்களில் இருந்த நூல்கள் சேற்றில் மூழ்கின. அவற்றைச் சீரமைக்கும் வேலை பல பத்தாண்டுகள் நீடித்தது. இங்கே வெள்ளம் வேண்டாம், தலைக்கு மேலிருக்கும் அந்தக் குழாய் ஓர் இரவு உடைந்தால் போதும். மதிப்பாய்வு அறிக்கை இல்லாமல் நிதி கேட்க முடியாது என்கிறார் ஒரு பிரிவு அலுவலர். நிதி வராமல் மதிப்பாய்வு நடக்காது என்கிறார் அடுத்த மேசைக்காரர். இவர்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை பூஞ்சை காத்திருக்குமா? எத்தனை முறைதான் எழுதுவது? தங்கள் ஒரு கையெழுத்தில் இது தொடங்கிவிடும், ஐயா. அந்தக் கையெழுத்தைத்தான் நான்காவது முறையாகக் கேட்டு நிற்கிறேன்.

மதிப்பாய்வுக்கு ஒரு நாளும் ஒரு குழுவும் குறித்து ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை கீழ் அடுக்கிலுள்ள தொகுதிகளை மட்டுமாவது, நல்லவற்றோடு கலக்காமல், ஈரமில்லாத ஓர் அறைக்குத் தனியாக மாற்றித் தருமாறு மன்றாடிக் கேட்கிறேன். மாதிரி எடுக்கவும் படிவம் நிரப்பவும் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு:
அ) முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்.
ஆ) கீழ் அடுக்கின் அடியிலிருந்து பெருக்கிக் குப்பைக்குப் போகவிருந்த தாள் துண்டுகள், ஓர் உறையில். சில துண்டுகளில் எழுத்து இன்னும் படிக்கும்படி இருக்கிறது. உறையைத் திறக்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.