கூலிங் டவர் வைத்திருக்கும் கட்டட நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் மொட்டைமாடியில் நின்று, ஏசி எந்திரத்திலிருந்து வரும் சூடான தண்ணீரைக் காற்றால் குளிர்விக்கும் சின்ன ஃபைபர் கூலிங் டவரைப் பற்றித்தான் இந்த மடல். பராமரிப்பு வேலைக்காக இப்படிப்பட்ட மாடிகளில் ஏறி இறங்குகிறவன் நான். "ஃபைபர்தானே, துருப்பிடிக்காது, அதற்கு என்ன பராமரிப்பு?" என்று பலர் கேட்கிறார்கள். துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் கெடுவது உள்ளே ஓடும் தண்ணீர்.

100 டன் குளிர்விக்கும் திறனுள்ள சில்லர், அதாவது கட்டடத்தின் பெரிய ஏசி எந்திரம், முழுச் சுமையில் ஓடும்போது டவரில் மணிக்கு 600 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். அதன் செறிவு, புதிதாக வரும் தண்ணீரில் இருப்பதைப் போல் மூன்று மடங்கைத் தாண்டாமல் இருக்க, 600 லிட்டர் ஆவியானால் சுமார் 300 லிட்டரை வெளியே திறந்துவிட வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்க அப்படி உப்புத் தண்ணீரை வெளியேற்றும் பிளோடவுன் வால்வை மூடி வைக்கிறீர்கள். உப்பு, சில்லரின் சூட்டை டவர் தண்ணீருக்கு மாற்றும் கண்டென்சர் குழாய்களில் படிந்து, சில்லர் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது.

இதைவிட எனக்குப் பயம் தருவது லீஜியோனெல்லா. 25 முதல் 45 டிகிரி வரையான வெதுவெதுப்பில் செழித்து, நுரையீரலில் கடும் நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியா இது. டவர் தண்ணீரின் சூடும் அதே அளவுதான். அடியில் சேறும் பாசியும் சேர்ந்தால் அதற்கு வீடும் சாப்பாடும் கிடைத்துவிடும். மின்விசிறி வெளியே தள்ளும் நுண்துளிகளில் ஏறி, தெருவில் போகிறவர் நுரையீரலுக்கும் போய்ச் சேரும். 2015இல் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் ஒரு ஓட்டலின் கூலிங் டவரிலிருந்து பரவி 138 பேர் நோயுற்றார்கள், 16 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த நகரம் டவர்களைப் பதிவு செய்வதையும் சோதிப்பதையும் சட்டமாக்கியது. இறந்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அப்புறம், இடம். சின்ன டவர்தானே என்று இரண்டு சுவர்களுக்கு நடுவே திணிக்காதீர்கள். வெளியே விட்ட ஈரக்காற்றையே திரும்ப இழுத்தால் தண்ணீர் சரியாகக் குளிராது. கட்டடத்துக்குள் காற்று எடுக்கும் வாயிலுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

சரி, நான் கேட்பது இதுதான். பிளோடவுன் வால்வைத் திறந்து வையுங்கள். தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவ நாள் குறியுங்கள். கிருமிநாசினி போடுவதை நிறுத்தாதீர்கள். துளிகளைத் தடுக்கும் எலிமினேட்டர் தகடு உடைந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். கழுவ இறங்கும் தொழிலாளிக்கு நல்ல சுவாசக் கவசம் கொடுங்கள். அந்தத் துளிகளை முதலில் சுவாசிப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
உங்கள் மாடிக்கு வந்துபோகும் ஒரு பராமரிப்பாளன்