கிடங்கிலிருந்து பட்டறைக்கு மாறும் மகளுக்கு

கொழிஞ்சாம்பாறை,
கார்த்திகை 10

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ போனில் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "இனி அங்கேயும் டீசல் வாடைதானா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்; அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான் என்பது உனக்கும் தெரியும். எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகிறது, மீதியை நீ வேலை அவசரத்தில் மறந்துவிடுகிறாய் என்பதால் நிதானமாகக் கடிதமாகவே எழுதுகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை இருமுறை படி.

அமெரிக்கப் படையின் பகுதிநேரப் பிரிவான ரிசர்வில், 92ஒய் என்று அவர்கள் குறிக்கும் கிடங்குப் பணியில் இருக்கும் நீ, சக்கர வண்டிகளைப் பழுதுபார்க்கும் 91பி பணிக்கு மாற விரும்புகிறாய். தாராளமாக மாறு, அம்மிணி. சின்ன வயதில் பட்டறையில் நான் ஸ்பேனர் கேட்டால் எண் சொல்வதற்கு முன்பே சரியானதை எடுத்து நீட்டிய பிள்ளை நீ. என் கவலை முழுவதும் நீ எந்த வழியாக மாறுகிறாய் என்பதைப் பற்றியது.

புதிதாகப் படையில் சேர்கிறவர்கள் அடிப்படைப் பயிற்சிக்குப் பின் வர்ஜீனியாவில் உள்ள போர்ட் லீ முகாமின் ஆர்ட்னன்ஸ் (படைத்தளவாட) பள்ளியில் ஏறத்தாழ 13 வாரம் இந்தத் தொழிலைக் கற்கிறார்கள். ஏற்கெனவே வேறு தொழிலில் இருந்து மாறும் உன்னைப் போன்ற ரிசர்வ்காரர்களுக்கோ, விஸ்கான்சினில் உன் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் போர்ட் மெக்காய் போன்ற இடங்களில் பகுதி பகுதியாக நடத்தப்படும் சுருக்கமான வகுப்பு. வேலையையும் குடும்பத்தையும் விட்டு மாதக்கணக்கில் போக முடியாதவர்களுக்காக அமைத்த ஏற்பாடு அது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வகுப்பு முடிந்த மறுநாள் உன் பெயருக்கு எதிரே 91பி என்று எழுதிவிடுவார்கள், அதன்பின் ஒரு வண்டியில் நீ சரி என்று கையெழுத்திட்டால் அதை நம்பி ஓட்டுநர் ஏறி உட்காருவான். தாளில் தகுதி வருவதற்கும் கையில் தகுதி வருவதற்கும் இடையே உள்ள அந்தக் காலம்தான் மெக்கானிக்குக்கு ஆபத்தான காலம் என்பதை என் அனுபவத்தில் கண்டவன் நான்.

1984-இல் நான் இந்தியப் படையில் சேர்ந்தபோது செகந்தராபாத்தில் ஈ.எம்.ஈ. மையத்தில் பயிற்சி. 1943-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, படையின் இயந்திரங்களைப் பேணுவதற்கென்றே தனியாக அமைத்த பிரிவு அது. வேலையே அறம் என்பது அதன் வாசகம். எங்கள் உஸ்தாத், அதாவது பயிற்சி தரும் ஆசிரியர், சக்திமான் லாரி ஒன்றில் யாருக்கும் தெரியாமல் ஒரு பழுதை வைத்துவிட்டு, எந்த நட்டையும் கழற்றாமல் அது என்னவென்று சொல்லச் சொல்வார். கேட்டு, முகர்ந்து, தொட்டுப் பார்த்து, புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. ஒரு பழுதுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது போகும். அப்படி ஓராண்டுக்கு மேல் கற்று, மூன்றாம் வகுப்பு மெக்கானிக்காக வெளியே வந்து, அதன்பின் பல ஆண்டு வேலை செய்து தேர்வெழுதித்தான் இரண்டாம் வகுப்பும் முதல் வகுப்பும் பெற்றோம்.

அவ்வளவு கற்றும் லடாக்கில் என் முதல் குளிர்காலத்தில் என்ன செய்தேன் என்பதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. விடியற்காலையில் ஒரு லாரி கிளம்பவில்லை. நான் எரிபொருள் பம்ப்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, விரல் மரத்துப்போன கையோடு அதைக் கழற்றி மாற்றினேன். மூன்று மணி நேரம் ஆயிற்று. அப்போதும் கிளம்பவில்லை. பழைய ஹவில்தார் ஒருவர் வந்து பில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளே டீசல் மெழுகுபோல் உறைந்து நின்றது. அந்தக் குளிரில் டீசலில் உள்ள மெழுகு பிரிந்து பில்டரை அடைத்துவிடும், அதற்காகத்தான் நாங்கள் மண்ணெண்ணெய் கலப்போம், முந்தின நாள் அந்த வண்டிக்கு மட்டும் கலக்காமல் விட்டிருக்கிறார்கள். (லடாக்கிற்கென்று உறையாத குளிர்கால டீசல் 2019-இல்தான் வந்தது.) அன்று எங்கள் வரிசையில் மற்ற வண்டிகள் போய், ரேஷன் ஏற்றிய அந்த ஒரு வண்டி மட்டும் நின்றுபோனது. மேலே காத்திருந்தவர்களுக்கு ஒரு நாள் தாமதம். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. உன் ஊரிலும் தை மாதத்தில் அப்படிப்பட்ட குளிர்தான். பாட்டரியின் திறன் பாதியாகும், எண்ணெய் தேனைப் போல் கெட்டியாகும், ஒயரின் மேலுறை வெடிக்கும். குளிரில் நின்ற வண்டியில் முதலில் எரிபொருளையும் பாட்டரி இணைப்பையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மாதம் ஒரு வார இறுதி என்றால் ஆண்டுக்கு 24 நாள். கோடையில் இரண்டு வாரம் சேர்த்தால் நாற்பதைத் தொடாது. அதிலும் ஆள் கணக்கெடுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, மருத்துவச் சோதனை, கணினியில் முடிக்க வேண்டிய பாடங்கள் எல்லாம் போக, வண்டிக்கு அடியில் நீ படுத்திருக்கும் நாள் எத்தனை என்று நீயே எண்ணிப் பார். நான் ஒரு மாதத்தில் பார்த்த பழுதுகளை நீ பார்க்க இரண்டு ஆண்டு ஆகும். ஆகவே வாரநாளில் செய்யும் வேலையிலேயே கை பழகியாக வேண்டும். நீ இப்போது பஸ் கம்பெனியின் உதிரிபாகக் கவுண்டரில் இருக்கிறாய். அங்கேயே உள்ளே பட்டறைப் பக்கம் உதவியாளாக மாற்றிக் கேள், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. பயிற்சிக்குப் போகும் நாட்களுக்காக முதலாளி உன்னை வேலையிலிருந்து நீக்க முடியாது, திரும்பி வந்தால் இடம் தந்தாக வேண்டும் என்று 1994-இல் அந்த நாட்டில் சட்டமே செய்திருக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே தகவல் கொடுப்பது உன் பொறுப்பு. வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் கொடு.

நம் பக்கத்திலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கிவைத்த டெரிடோரியல் ஆர்மி. கோயம்புத்தூரில் அதன் பட்டாலியன் இருக்கிறது. அதில் சேர்வதற்கு வெளியே ஒரு வேலையோ தொழிலோ இருந்தாக வேண்டும் என்பதே முதல் விதி. ஊரில் பிழைப்பு, ஆண்டுக்கு இரண்டு மாதம் படை. வெளியே லாரிப் பட்டறையில் இருந்துவிட்டு அங்கே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் சூடு ஆறாமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.

கையெழுத்துக்கு முன் நீ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. உன் பிரிவிலோ அருகில் உள்ள பிரிவிலோ 91பி இடம் காலியாக இருக்கிறதா என்பது முதலாவது. ரிசர்வில் இடம் இருந்தால்தான் தொழில் மாற்றம் நிற்கும், இல்லாவிட்டால் வெகுதூரத்தில் உள்ள ஒரு பிரிவுக்கு மாதாமாதம் சொந்தச் செலவில் போய்வர நேரும். சேரும்போது 92ஒய் பணிக்கென்று ஊக்கத்தொகை ஏதும் வாங்கியிருந்தால், நீயாக விரும்பித் தொழில் மாறுவதால் அது நின்றுபோகுமா, வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பார். வகுப்பின் எல்லாப் பகுதிகளுக்கும் இப்போதே தேதி கிடைக்கிறதா என்றும் கேள். முதல் பகுதியை முடித்துவிட்டு அடுத்ததற்கு இடம் கிடைக்காமல் காத்திருந்தால் கற்றது பாதி மறந்துபோகும். சார்ஜண்ட் பதவி உயர்வுக்குப் புதிய தொழிலில் தகுதி முடித்திருக்க வேண்டும் என்பதால், மாறும் காலத்தில் சிறிது பின்தங்குவாய். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, நீயும் படாதே. நன்றாக வேலை கற்றால் பிற்காலத்தில் வண்டிப் பராமரிப்புக்கான வாரண்ட் ஆபீசர் வரை வழி இருக்கிறது.

காகிதத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. 2001-இல் 17 ஆண்டு முடித்து வெளியே வந்தபோது, வெளியுலகம் ஒப்புக்கொள்ளும் சான்றிதழாக என் தொழிலை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை; நானும் விடுமுறையைக் கழிப்பதிலேயே கடைசி மாதங்களைப் போக்கிவிட்டேன். ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பணிமனையில் வேலை கேட்டுப் போனேன். முதல் வகுப்பு மெக்கானிக் என்ற படைப் பதிவை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை, ஐ.டி.ஐ. சான்றிதழ் எங்கே என்று கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற, இன்னும் மீசை அரும்பாத பையனிடம் அது இருந்தது. வேலை அவனுக்குப் போயிற்று. அதன் பிறகுதான் இந்தச் சாலையோரப் பட்டறை. அதனால்தான் உன் படிப்புக்கு ஒவ்வொரு ஆனியிலும் கடன்.

உனக்கு அந்த நிலை வர வேண்டியதில்லை. அங்கே வண்டி மெக்கானிக்குகளுக்கு ஏ.எஸ்.ஈ. என்ற தேர்வு இருக்கிறது. லாரி வரிசையில் டீசல் எஞ்சினுக்கு டி2, பிரேக்குக்கு டி4, மின்சாரத்துக்கு டி6 என்று தனித்தனியே எழுதலாம். தேர்வில் தேறினால் மட்டும் போதாது, பொதுவாக இரண்டு ஆண்டு கைவேலை அனுபவமும் காட்டினால்தான் சான்றிதழ் தருவார்கள், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். தேர்வுக் கட்டணத்தைப் படையே ஏற்கும் ஏற்பாடும் உண்டு, கேட்டு வாங்கிக்கொள். இன்றே ஒரு நோட்டு வாங்கி, எந்த நாள், எந்த வண்டி, என்ன பழுது, எத்தனை மணி நேரம் என்று எழுதி, மேலாளரிடம் மாதம் ஒரு கையெழுத்து வாங்கு. முதலில் மின்சாரத் தேர்வை எழுது என்பது என் யோசனை. வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலத்தில் அந்த வரிசையை நம்பித்தான் நம் பட்டறை நடந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சோதனை போனதும் வரிசையும் போயிற்று. 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி பி.எஸ். 6 வண்டிகள் வந்தபின், பழுதைக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் கோயம்புத்தூர் லாரியின் பானட்டைத் திறப்பதே வீண் என்றாகிவிட்டது. 55 வயதுக்கு மேல் சென்சாரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். நீ இளம் வயதிலேயே படித்துவிடு.

உங்கள் படை வண்டியான ஹம்வீயில் சக்கரத்துக்கு அருகிலேயே ஏன் பல்சக்கரப் பெட்டி இருக்கிறது என்று கேட்டாய். அச்சு சக்கரத்தின் நடுவுக்கு நேராக வராமல் அதற்கு மேலே வந்து, அந்தப் பெட்டியின் வழியாகக் கீழே இறங்கிச் சுழற்றுகிறது; அதனால் வண்டியின் வயிறு தரையிலிருந்து 16 அங்குலம் உயர்ந்து நிற்கிறது. சுழற்சியும் அந்தப் பெட்டியில்தான் கடைசியாகக் குறைந்து சக்கரத்துக்குப் பலம் கூடுகிறது. பிரேக் தட்டுகளும் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிபரன்ஷியல் பக்கம் இருக்கின்றன. ஆகவே சக்கரத்தை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு பிரேக் சரி என்று எழுதிவிடாதே. மின்சாரம் 24 வோல்ட், இரண்டு பாட்டரி தொடராக. வெளியே உள்ள 12 வோல்ட் கார் பழக்கத்தில் கையை வைக்காதே.

அந்த வண்டியின் சக்கரம் இரண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுவதுமாக இறக்கி, வால்வின் உள்ளூசியையும் கழற்றி எடுத்த பிறகுதான் அந்த நட்டுகளைத் தொட வேண்டும். வேலந்தாவளம் சாலையில் ஒரு பஞ்சர் கடையில் லாரி டயரின் பூட்டு வளையம் காற்றோடு தெறித்து ஒரு பையனைத் தூக்கி எறிந்ததை நான் எதிர்க்கடையில் நின்று பார்த்தேன். அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனதும் நான்தான். அவசரம் என்று யார் சொன்னாலும், உனக்கு மேல் உள்ள சார்ஜண்டே சொன்னாலும், காற்று இறங்காத சக்கரத்தில் ஸ்பேனரை வைக்க மாட்டேன் என்று சொல். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவும் மாட்டேன் என்று சொல். இந்த இரண்டுக்காக உன்னை யாராவது கடிந்துகொண்டால் எனக்கு எழுது.

மாப்பிள்ளையின் அண்ணன் மார்கழி முடிந்ததும் அங்கே வருகிறார். செகந்தராபாத்தில் நான் எழுதிய பழுது நோட்டின் நகலையும், இடைவெளி அளக்கும் என் பீலர் கேஜையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நோட்டில் பாதி இந்தியில் இருக்கும். புரியாத பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் தமிழில் எழுதித் தருகிறேன். அம்மா உன் கையுறை அளவைக் கேட்கிறாள், கம்பளியில் உள்ளுறை பின்னப் போகிறாளாம். மறக்காமல் எழுது. முதல் பகுதி வகுப்புக்கு எந்தத் தேதி கிடைக்கிறது என்பதையும் உடனே தெரிவி.

அன்புடன்,
அப்பா