கத்திரி வெயிலில் பைக் பேரணி வேண்டாம்: வடசென்னை மோட்டார் சைக்கிள் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மன்ற நிர்வாகிகளுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். உங்கள் பேரணிகள் பலவற்றில் பழுது பார்க்கும் வண்டியுடன் கடைசி வரிசையில் வந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கோடைப் பேரணிகளுக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூட வருவதில்லை என்றும், இளைஞர்களிடம் ஆர்வம் வற்றிவிட்டது என்றும், வராதவர்களின் பெயரை அடுத்த ஆண்டு நீக்கிவிட வேண்டும் என்றும் அண்மைக் கூட்டமொன்றில் பேசப்பட்டதாக அறிந்தேன். அந்த முடிவை எடுக்கும் முன் வெயிலின் கணக்கையும் ஒருமுறை பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாத ஞாயிறு ஒன்றில், தலைக்கவச விழிப்புணர்வுக்காகக் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை பேரணி அறிவிக்கப்பட்டது. காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டிகள், சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து பத்தரை மணிக்குத்தான் நகர்ந்தன. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் இடையே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்த அந்த ஒரு மணி நேரத்தில், பலர் தாங்க முடியாமல் தலைக்கவசத்தைக் கழற்றி டேங்கின் மேல் வைத்துக்கொண்டார்கள். எதைச் சொல்ல ஊர்வலம் போனோமோ, அதற்கு எதிரானதையே சாலையோர மக்கள் பார்த்தார்கள். திருவொற்றியூரைத் தாண்டும் முன் என் பட்டறைப் பையன் மயங்கிச் சரிந்தான். நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடல் முழுவதும் துடைத்து, நினைவு தெளிந்த பிறகு மோர் கொடுத்தோம். அன்று அவன் எழுந்துவிட்டான். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தால் 108 ஐ அழைப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. இந்த ஆண்டு அவனுடைய தாய் அவனைப் பேரணிக்கு அனுப்ப மறுத்துவிட்டார். அதை ஆர்வக்குறைவு என்று எப்படிச் சொல்வது?

நம் பகுதியின் காற்றை அறிந்தவர்களுக்கு அந்த நேரத்தின் கொடுமை விளங்கும். கோடையில் காலைப்பொழுது ஏற ஏற நிலக்காற்று அடங்கிவிடுகிறது, கடற்காற்றோ பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் கரையேறுகிறது. மேற்குக் காற்று வலுத்த நாட்களில் அது பிற்பகல் வரைகூடத் தாமதிக்கும், அத்தகைய நாட்களில்தான் வெயில் உச்சத்தைத் தொடும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானதை மூத்த உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே பேரணி வைப்பது, இரண்டு காற்றும் இல்லாத இடைவெளியில் மனிதர்களை நிறுத்துவதாகும். காற்றின் வெப்பம் தோலின் வெப்பமான ஏறத்தாழ 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், வண்டி ஓடும்போது முகத்தில் அடிப்பதும் அனல்தான். அப்போது உடலைக் காப்பது வியர்வை உலர்வது ஒன்றே. கடலோர ஈரப்பதமும் தடித்த ஜாக்கெட்டும் அதையும் தடுத்துவிடுகின்றன.

வண்டியின் நிலையும் அதுவே. 1955 இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவான காலம் தொட்டுத் திருவொற்றியூரின் பெருமையாக இருந்து வரும் புல்லட், காற்றால் குளிரும் எஞ்சினை நம்பியது. ஓடினால்தான் அதற்குக் காற்று. நடை வேகத்தில் ஊர்ந்தால் ஆயில் இளகும், கிளட்ச் சூடேறிப் பிடிக்காமல் போகும், பழைய வண்டிகள் வழியிலேயே நின்றுவிடும். அன்று என் வண்டியில் ஏற்றி வந்த மூன்றும் அப்படி நின்றவையே.

வராதவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வாரம் முழுவதும் வெயிலில் உணவு விநியோகம் செய்பவர், துறைமுகத்தில் பணிபுரிபவர், பின்னிருக்கையில் குழந்தையை அமர்த்தி வர விரும்பும் பெண்கள். வெயிலை நம்மைவிட நன்கறிந்தவர்கள் அவர்கள்தாம்.

ஆகவே, ஆண்டின் முதன்மைப் பேரணியைப் பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களுக்கு மாற்றும்படி வேண்டுகிறேன். சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகள் ஜனவரியில் நடப்பதால் அனுமதி கேட்கவும் அது பொருத்தமான காலம். மே மாதத்தில் நடத்தியே தீர வேண்டுமென்றால், பொழுது புலரும் ஐந்தே முக்கால் மணிக்குக் கிளம்பி, ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். விடியலிலும் புழுக்கம் இருக்கும், ஆனால் தலைக்கு மேல் வெயிலும் காலுக்குக் கீழே கொதிக்கும் தாரும் இருக்காது. யாருக்காகவும் வண்டிகளைக் காக்க வைக்காதீர்கள். இரண்டு இடங்களிலாவது தண்ணீரும் மோரும் நிழலும் இருக்கட்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டால், பேரணியன்று விடியற்காலை நான்கு மணிக்கே என் பட்டறை திறந்திருக்கும். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஆயில் அளவு, டயர் காற்று, கிளட்ச் கேபிள் ஆகியவற்றைக் கட்டணமின்றிச் சரிபார்த்துத் தருகிறேன். வராதவர்களின் பெயர்களை மட்டும் இப்போதைக்கு நீக்காதீர்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை மெக்கானிக் ஒருவர்