மூன்று வேலை, ஒரு தொண்டை

மயிலாப்பூர், சென்னை
அக்னி நட்சத்திரம், மே மாதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதச் சுணங்கியதற்கு வெயிலைத்தான் சொல்லணும். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியதைச் சுற்றி வீடு வந்து சேர்வதற்குள் பேனா பிடிக்கத் தெம்பிருப்பதில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து, நாடகம் எழுதி, பாடி நடித்து, நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் நீ போட்டு அனுப்பிய கணக்கு முழுக்க ரூபாய்க் கணக்கு. அதற்கு முன்னால் போட வேண்டியது தொண்டைக் கணக்கு. வகுப்பு, ஒத்திகை, மேடை மூன்றுக்கும் செலவாவது ஒரே தொண்டை. எழுதும்போது மட்டும்தான் அதற்கு ஓய்வு.

உன் பட்டியலில் வாரத்துக்கு இருபத்துநாலு மணி நேரம் வகுப்பு வைத்திருக்கிறாய். வாடகைக்கு அது தேவைதான். ஆனால் நாற்பது பிள்ளைகள் முன்னால் நாலு மணி நேரம் கத்திவிட்டு சாயங்காலம் மேல் ஸட்ஜத்தைத் தொடப் போனால் குரல் பிளந்துகொள்ளும். அதைச் சமாளிக்க இன்னும் அழுத்திப் பாடுவாய், மறுநாள் வகுப்பில் இன்னும் கத்துவாய். குரல்நாண்களில் காய்ப்பு விழுவது இப்படித்தான். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தோடு வகுப்பை நிறுத்து. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர், தலையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கிவிடு, டீச்சர்கள் வைத்துக்கொள்வார்களே, அதுதான். காலை எழுதும் நேரம், வாய் திறக்காதே. போன்கூட வேண்டாம். ஒத்திகைக்கு முன்னால் பத்து நிமிஷம் 'ம்ம்' என்று வாய் மூடிப் பாடு. அப்புறம் சின்னப் பிள்ளைகள் பஸ் ஓட்டுகிற மாதிரி உதட்டை அடித்து 'புர்ர்ர்' என்று ஸரளி வரிசையை மேலும் கீழும் கொண்டுபோ. உதடு நின்றுவிட்டால் மூச்சு தீர்ந்தது, அல்லது நீ அழுத்துகிறாய் என்று அர்த்தம். குரல் கட்டினால் கிசுகிசுவென்று பேசி ஓட்டாதே, அது ஓய்வாகாது. மூன்று வாரத்தில் தெளியாவிட்டால் கஷாயத்தை நம்பி உட்காராமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் உள்ளே கேமரா விட்டுப் பார்க்கச் சொல்.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பியிருந்த முதல் காட்சியைச் சத்தமாகப் படித்தேன். வசனம் நன்றாக ஓடுகிறது. பாட்டில்தான் கோளாறு. நாயகி 'என்னை விடு' என்று பாடும் இடத்தில் மெட்டு 'வி' மேல் மூன்று எண்ணிக்கை நிற்கிறது. மேடையில் அது 'என்னை வீடு' என்றுதான் கேட்கும். தமிழில் குறிலை இழுத்தால் வேறு சொல்லாகிவிடும்: மலை மாலையாகும், கொடி கோடியாகும், படு பாடு ஆகும். ஆகவே மெட்டு நிற்கும் இடத்தில் நெடிலை வை. 'போக விடு' என்று மாற்றிப் பார். இழுப்பு 'போ'வுக்குப் போய்விடும், 'விடு' குறுகிய தாளத்தில் வெட்டி விழும். கோபத்துக்கும் அதுதான் பொருத்தம். மேல் ஸ்தாயியில் முடியும் வரியில் 'கண்ணீர்' போட்டிருக்கிறாய். 'ஈ'க்கு வாய் இடுங்கும், கடைசி 'ர்' காதில் விழாது. உச்சியில் ஆ, ஓ இரண்டும் சுலபம். அந்த இடத்துக்கு 'வா', 'போ', 'அம்மா' மாதிரி ஒரு சொல்லைக் கொண்டுவா. மெட்டுக்கு எழுதினாலும் சரி, எழுதியதற்கு மெட்டுப் போட்டாலும் சரி, இந்தச் சோதனையை விடாதே.

அடுத்து சுருதி. நாயகனுக்கு ஒரு கட்டை, உனக்கு ஐந்து கட்டை. கட்டை என்பது ஸட்ஜம் நிற்கும் உயரம்தானே. இருவரும் ஒரே மெட்டை ஒரே சுருதியில் பாடணும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு கட்டையில் நீ பாடினால் கீழே முணுமுணுப்பாகும், மேல் ஸ்தாயியில் வீறிடலாகும். இரண்டுக்கும் நடுவே மூன்று கட்டை வைத்தால் இருவருமே அவதிப்படுவீர்கள். அவன் சரணத்தை அவன் சுருதியில் விடு. ஆர்மோனியம் நாலு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) வாசித்து அவன் பஞ்சமத்தை ('ப') உனக்கு ஸட்ஜமாக ('ஸ') மாற்றிக் கொடுக்கட்டும். ஒரு கட்டையின் பஞ்சமம் ஐந்து கட்டைதானே, காதுக்கு உறுத்தாது. சேர்ந்து பாடும் கடைசி நாலு வரியை ஐந்து ஸ்வரத்துக்குள் அடக்கு.

ஆடிக்கொண்டே பாடும் பாட்டுக்கு மூச்சுக் கணக்கு தனி. நின்றுகொண்டு ஒரு மூச்சில் வரும் வரியில் பாதிதான் குதிக்கும்போது வரும் என்று வைத்துக்கொண்டு எழுது. சோதித்துப் பார்க்க வேண்டுமா? இரண்டு மாடி ஏறிக்கொண்டே பாடு. எங்கே மூச்சு வாங்குகிறாயோ அங்கே பென்சிலால் கோடு போடு. அந்தக் கோடு சொல்லின் நடுவில் விழுந்தால் மாற்ற வேண்டியது வரியைத்தான், நுரையீரலை மாற்ற முடியாது.

பின்னணி இசையை ட்ராக்காகப் பதிவு செய்துவிடலாமா என்று கேட்டாய். செலவு மிச்சம்தான். ஆனால் யாராவது ஒரு வரி மறந்தால் ட்ராக் நிற்காது. ஸ்பெஷல் நாடகத்தைப் போய்ப் பார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி) எல்லாரும் தனித்தனியாகப் பேசி வரவழைக்கப்பட்டவர்கள், அன்று சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள். ஒத்திகை கிடையாது. அப்படியும் நாடகம் நிற்கிறது என்றால் இரண்டு காரணம்: சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லாருக்கும் மனப்பாடம், ஆர்மோனியக்காரர் கண் மேடையை விட்டு அகலாது. நடிகர் தடுமாறினால் அதே அடியை இன்னும் இரண்டு சுற்று வாசித்துப் பின்பாட்டில் சொல்லையும் எடுத்துக் கொடுப்பார். உனக்கு ஒரு ஆர்மோனியமும் ஒரு மிருதங்கமோ தபலாவோ போதும்.

சென்னையில் எங்கே போடுவது? சபா நாடகம் வேறு உலகம். சபா உறுப்பினர்கள் சந்தாவில் வந்து உட்காருவார்கள், குழுவுக்கு சபா ஒரு தொகை தரும். இரண்டு மணி நேரம், பெரும்பாலும் நகைச்சுவை, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியணும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவின் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் அரங்கேறும். அதற்கு நாலைந்து மாதம் முன்பே முழுப் பிரதியோடு பேச ஆரம்பி. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் குரல் நன்றாகப் போகும், பாட்டு நாடகத்துக்கு எனக்குப் பிடித்த இடம். ஆனால் முதல் நாடகத்தைப் பெரிய ஹாலில் போடாதே. ஒரு கணக்குச் சொல்கிறேன், உதாரணத்துக்கு: இருநூறு இருக்கை, நூற்றிருபது பேர், டிக்கெட் 300 ரூபாய் என்றால் 36,000. இதில் ஹால், லைட், சவுண்டு, வண்டி, சாப்பாடு போக எட்டுப் பேருக்குப் பிரித்தால் கையில் நிற்பது ஒரு மாத மளிகைக்குக்கூடக் காணாது. அதையே அறுபது பேர் உட்காரும் அறையில் மைக் இல்லாமல் நாலு தடவை போட்டால் செலவு ஒடுங்கும், நாலு தடவையும் பாட்டைத் திருத்தலாம்.

காலர் மைக் வாடகைக்கு எடுத்தால் ஒன்று கவனி: நெஞ்சில் குத்தினால் தலையைத் திருப்பும்போதெல்லாம் குரல் போய்போய் வரும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டச் சொல். வியர்வை உள்ளே இறங்கினால் கரகரக்கும். இடைவேளையில் துடைத்து, பேட்டரியை மீதி இருந்தாலும் மாற்றிவிடு.

உரிமை விஷயத்தை நீ தொடவே இல்லை, அதுதான் எனக்குக் கவலை. மூன்று வேலையில் நீ வாய் மூடியிருக்கும்போதும் சம்பாதிப்பது பிரதி ஒன்றுதான். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உனக்கு உண்டு. வழக்கு என்று வந்தால் பதிவு கைகொடுக்கும். ஒரு நாடகத்துக்கு 500 ரூபாய், விண்ணப்பித்து முப்பது நாள் ஆட்சேபணைக்கு விடுவார்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிக் கையெழுத்திட்டால்தான் உரிமை கை மாறும். எத்தனை வருஷம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியா முழுக்க என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே பில்லிலேயே ஒரு வரி போடு: 'இந்தத் தேதியில் ஒருமுறை மேடையேற்ற மட்டும்.' பள்ளியில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு வேலையின் பாகமாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் பள்ளிதான். அதனால்தான் வருகை ஆசிரியராக, வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள் என்கிறேன். பழைய நாடகத்தை எடுத்துச் செய்யலாம்: ஆசிரியர் இறந்த மறு வருஷத்திலிருந்து அறுபது வருஷம் போனால் தடையில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் போய்விட்டார். பம்மல் சம்பந்த முதலியார் 1964, ஆக அவர் நாடகங்களும் 2025 ஜனவரி முதல் பொதுவுக்கு வந்துவிட்டன. சினிமா மெட்டு மட்டும் வேண்டாம், அனுமதி வாங்கி மாளாது.

பள்ளிகள் ஜூனில் திறக்கும். நாடக டீச்சரை இப்போதே பேசிவைத்துவிடுவார்கள், ஆகஸ்டில் போனால் இடமிருக்காது. வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகள், தொண்ணூறு நிமிஷம்: உடம்புக்கும் மூச்சுக்கும் பத்து, விளையாட்டு இருபது, பாட்டு பதினைந்து, காட்சி முப்பத்தைந்து, மீதி பத்து பேச. குரல் உடையும் வயதுப் பையன்களை மேலே பாடச் சொல்லாதே. வசதியாக வரும் ஐந்து ஸ்வரத்தோடு விடு. ஆண்டுவிழாதான் பெரிய தலைவலி. அறுபது பிள்ளைகள், நாலு கார்ட்லெஸ் மைக், ஒவ்வொரு அம்மாவுக்கும் தன் பிள்ளை ஒரு வசனமாவது பேசணும். நம் கூத்தில் இதற்கு வழி இருக்கிறதடி. நாலு பிள்ளைகளை, கதையை அறிவித்து நடத்துகிற கட்டியங்காரனாக மைக் முன்னால் நிறுத்து. மற்றவர்களை ஐந்து கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சேர்ந்து கத்துகிற ஒரு வரி கொடு. சேர்ந்து கத்துவதற்கு மைக் வேண்டாம்.

உதவித்தொகை கேட்டிருந்தாய். மத்திய கலாசார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் நாற்பது வயதுக்குள், மாதம் 10,000 வீதம் இரண்டு வருஷம், ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்கணும். உனக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் பாக்கி. ஸ்பெஷல் நாடகத்தில் பின்பாட்டு என்று தலைப்பு வைத்துப் பாரேன். பணம் மாதாமாதம் வராது, தவணையில்தான் வரும். வாடகைக்கு அதை நம்பாதே.

வேலையை இப்போதே ராஜினாமா செய்யாதே. சம்பளமில்லா விடுப்பு ஒரு வருஷம் கிடைக்குமா என்று கேள். திருவல்லிக்கேணியில் ஒரு அறை காலியாகிறது. மாடி என்பதால் சூடு, ஆனால் பாடினால் சண்டைக்கு வராத வீட்டுக்காரம்மா. 'விடு' பாட்டைத் திருத்தி அனுப்பு. வரும்போது ஆர்மோனியத்தைப் பஸ் டிக்கியில் போட்டுவிடாதே, துருத்தி கிழிந்துவிடும். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் எடுத்து அடியில் வைத்துக்கொண்டு வா.

அன்புடன்
மீனா